மதுரையில் சூட்டுக்காற்று, கொடைக்கானலில் பச்சைக்காற்று: நாலு தடவை மோட்டார் மாற்றியும் வண்டி ஏசியில் அதே கோளாறு, யார் பொறுப்பு?

வில்லாபுரம்_வண்டிக்காரன் எழுதியது

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்லித்தான் ரெண்டு வருஷமாக ஏமாந்துகொண்டிருக்கிறேன்.

என்னுடையது ஏழு சீட் டீசல் வண்டி, டி போர்டு, அதாவது வாடகைக்கு ஓடுகிற வண்டி. பதினாலு வருஷம் டிராவல்ஸில் சம்பளத்துக்கு ஓட்டிவிட்டு, 2023 மார்ச்சில் லோன் போட்டுச் சொந்தமாக எடுத்தேன். ஆன்ரோடு 13 லட்சத்து 40 ஆயிரம். நானேதான் ஓட்டுகிறேன். எப்போதாவது முடியாத நாளில் மச்சினன் எடுப்பான். பாதி ஓட்டம் கொடைக்கானல். மீதி ராமேஸ்வரம், கல்யாண வீடு, ஏர்போர்ட். கம்பெனி பெயரை எழுதவில்லை. வாரண்டி முடிகிறவரை அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

முதல் தடவை 2024 பொங்கல் லீவில். பெரியவர்கள் அஞ்சு பேர், பிள்ளைகள் ரெண்டு. வெள்ளி நீர்வீழ்ச்சியில் பிள்ளைகள் வேண்டாம் வேண்டாம் என்றாலும் நனைந்துவிட்டு ஈரத்துணியோடு ஏறிவிட்டார்கள். இருட்டிவிட்டது, தூறல் வேறு. பெருமாள்மலை தாண்டி இறங்கும்போது முன்கண்ணாடி ஓரத்தில் லேசாக வேர்த்தது. வழக்கம்போல கண்ணாடிக்குக் காற்றடிக்கிற பட்டனைத் தட்டி, குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருகினேன். காற்று வருகிறது, ஆனால் பச்சைத் தண்ணியில் நனைத்த மாதிரி. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல ஆகிவிட்டது. எதிரே கவர்மெண்ட் பஸ் ஏறுகிறது. அதன் லைட் வெளிச்சம் கண்ணாடியில் பட்டதும் மொத்தமும் வெள்ளை, ரோடும் இல்லை, ஓரக்கல்லும் இல்லை. ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டினேன். நடு சீட்டிலிருந்த ஆச்சி எட்டி வந்து முந்தானையாலேயே எனக்கு முன்னால் ஒரு தட்டு அகலத்துக்குத் துடைத்துக்கொண்டே வந்தார். "நீ ரோட்டப் பாருய்யா, நான் தொடைக்கிறேன்." அந்தத் தட்டு அகலத்தில் பார்த்துக்கொண்டுதான் ஒரு டீக்கடை வாசல் வரை வந்து ஒதுக்கினேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மதுரையில் சர்வீஸ் சென்டர். அட்வைசர் தம்பி குமிழைத் திருகி, காற்றில் கையை வைத்துப் பார்த்தார். "நல்லா சூடாத்தானே சார் வருது?" வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில் எந்தக் காற்றுதான் சூடாக வராது? அப்புறம் டேஷ்போர்டுக்குப் பின்னால் இன்ஜின் சாவி போட்டதும் வருகிற டிக் டிக் சத்தத்தைக் கேட்க வைத்தேன். ஏதோ ஃப்ளாப் மோட்டாராம், மாற்றிக் கொடுத்தார்கள். வாரண்டியில்தான், காசு வாங்கவில்லை.

ரெண்டாவது தடவை அதே வருஷம் மே மாதம், கத்திரி வெயில். இந்த முறை தலைகீழ். மாட்டுத்தாவணியில் பார்ட்டி ஏறுகிறார்கள், ஏசியை முழுசாக வைத்தால் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கிறது. திருப்புவனம் போவதற்குள் ஒருவர் மயக்கம் வருகிறது என்று இறங்கிவிட்டார். மறுபடியும் மோட்டார். மூணாவது 2024 டிசம்பர், பண்ணைக்காடு பிரிவுக்குக் கிட்டே. மறுபடியும் மோட்டார். நாலாவது போன மாதம். மோட்டார் மாற்றிப் பதினாறு நாள்தான் ஆகிறது, நேற்று காலையில் சாவி போட்டால் டிக் டிக்.

நேற்று மேனேஜரையே பார்த்தேன். "மலைக்கு அதிகமா ஓட்டுறீங்க சார், அதான்" என்கிறார். மலைக்கு ஓட்டத்தானே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்? மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிவர எனக்கு எதற்கு ஹீட்டர்? கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம் என்கிறார். அந்த மெயில் ஒரு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

வாரண்டி மூணு வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. மீட்டரில் 94,200. என் ஓட்டத்துக்கு ரெண்டு மாதத்தில் முடிந்துவிடும். அதற்குத்தான் அவர்கள் நாள் கடத்துகிறார்கள் என்று என் வீட்டம்மா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கேட்க வேண்டியது ரெண்டே விஷயம். ஒன்று, நிஜமாக என்னதான் கோளாறு? ரெண்டு, இதற்கு டீலர் பொறுப்பா, வண்டியைச் செய்தவன் பொறுப்பா? டி போர்டு வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டில் கேஸே எடுக்க மாட்டார்கள் என்று ஸ்டாண்டில் சொல்கிறார்கள், அது உண்மையா?

—

தெப்பக்குளம்_தென்கரை எழுதியது

அண்ணே, மதுரைக்காரர் ஒருத்தர் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று அழுகிறதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஆச்சி கதையைப் படித்து வயிற்றைக் கலக்கிவிட்டது. தகவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கப்பா.

—

செல்லூர்_கூலிங்_காயில் எழுதியது

கார் ஏசி வேலையில் இருபத்திரண்டு வருஷம். சொல்கிறேன்.

டேஷ்போர்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் முதலில் கூலிங் காயில், அதற்குப் பின்னால் ஹீட்டர் காயில். ஹீட்டர் காயில் என்றால் கரண்டில் எரிவது இல்லை, இன்ஜினைச் சுற்றி வருகிற சூடான கூலண்ட் தண்ணிதான் அதற்குள் ஓடுகிறது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. குமிழை நீலப் பக்கம் வைத்தால் அந்தக் கதவு ஹீட்டரை மூடிக்கொள்ளும். சிவப்புப் பக்கம் வைத்தால் காற்றை ஹீட்டர் வழியாக விடும். பழைய வண்டிகளில் கேபிள் இழுக்கும், உங்கள் மாதிரி வண்டிகளில் உள்ளங்கை அளவு மோட்டார். அதற்குள் இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். பல் தேய்ந்தால் வழுக்கும். அந்த வழுக்கல்தான் உங்கள் டிக் டிக்.

கதவு குளிர் பக்கம் நின்றுபோனால் கொடைக்கானலில் கண்ணாடி மூடும், சூட்டுப் பக்கம் நின்றுபோனால் மே மாதம் அவிப்பீர்கள். ரெண்டும் ஒரே நோய்தான். சரி, மோட்டார் ஒரு தடவை போகலாம். நாலு மோட்டார் போகாது. நாலு மோட்டாரும் ஒரே வண்டியில் போகிறது என்றால் மோட்டார் மேல் தப்பில்லை, கதவு இறுகிக் கிடக்கிறது. நான் பார்த்தவரை ரெண்டு காரணம். ஒன்று, கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்சு சூட்டில் இளகி, பெட்டிச் சுவரில் பிசின் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். ரெண்டு, பெட்டியே லேசாக வளைந்து, கதவின் தண்டு உட்காரும் துளை கோணலாகிவிடும். மதுரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டில் கை வைத்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் என்ன பாடுபடும் என்று தெரியும்.

கண்டுபிடிப்பது சுலபம். மோட்டாரை மூணு ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிட்டு, தண்டின் முனையை ரெண்டு விரலால் திருப்ப வேண்டும். நல்ல பெட்டியில் குழந்தை விரலுக்குக்கூடத் திரும்பும். இறுகியிருந்தால் விரல் சிவந்துபோகும். இதை எந்தக் காரணம் கொண்டும் நீங்களோ என்னைப் போன்ற வெளி மெக்கானிக்கோ செய்யக்கூடாது. ஸ்க்ரூவில் கீறல் விழுந்தாலே "வெளியில கைய வச்சுட்டாங்க" என்று வாரண்டியைக் கழற்றிவிடுவார்கள். அவர்கள் ஆளையே கழற்றச் சொல்லி, உங்கள் கண் முன்னால் திருப்பச் சொல்லுங்கள்.

அவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை என்றால், பெட்டியை மாற்ற டேஷ்போர்டு மொத்தமும் இறங்க வேண்டும். ஸ்டியரிங், ஏர்பேக், ஏசி கேஸ், கூலண்ட், எல்லாம். ஒரு ஆளுக்கு முழு நாள் வேலை. மோட்டார் என்றால் அரை மணி நேரம். எந்த வேலைக்கு ஆசைப்படுவார்கள்?

அதற்கு முன்னால் ரெண்டு விஷயம் நீங்களே பார்த்துவிடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பின், ஃபயர்வாலுக்குள் (இன்ஜினுக்கும் வண்டி உள்ளுக்கும் நடுவில் இருக்கிற தகட்டுச் சுவர்) போகிற ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் துணி வைத்துத் தொடுங்கள். ரெண்டும் சூடாக இருந்தால் ஹீட்டர் காயிலில் தண்ணி ஓடுகிறது. ஒன்று சூடு, ஒன்று சில்லென்று இருந்தால் காயில் அடைப்பு, அது வேறு கதை. அப்புறம், ரேடியேட்டர் வேலைக்கு எங்காவது வெளியே விட்டீர்களா? நம் ஊரில் வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிகிற பழக்கம் உண்டு. அது இல்லாமல் மலை இறங்கினால் இன்ஜின் சூடே ஏறாது, ஹீட்டரும் வராது.

—

வில்லாபுரம்_வண்டிக்காரன் எழுதியது

அண்ணே, கோடி புண்ணியம். வால்வில் யாரும் கை வைக்கவில்லை, வெளியில் விட்டதே கிடையாது. இன்று மத்தியானம் ஏர்போர்ட் போய்வந்த சூட்டோடு ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். ரெண்டும் தொட முடியாத சூடு. அப்போது தண்ணி ஓடுகிறது.

எனக்கு உறைத்தது உங்கள் கடைசிக்கு முந்தைய பத்தி. நாலு தடவையும் போட்ட ஜாப் கார்டை, அதான் என்ன புகார், என்ன வேலை என்று சர்வீஸ் சென்டரில் எழுதுகிற சீட்டை, தேடி எடுத்தேன். மூணில் "ஏசி செக்" என்று மட்டும் இருக்கிறது. ஒன்றில் "நாய்ஸ்". கண்ணாடி மூடுகிறது என்று நான் வாயால் சொன்ன ஒரு வார்த்தைகூட எதிலும் இல்லை. நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேன்டீனில் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

—

வத்தலக்குண்டு_பஸ்ஸ்டாண்ட் எழுதியது

நானும் கொடைக்கானல் ஓட்டுகிறவன், உங்களைவிட அடிக்கடி. ஒன்று கேட்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள். காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் இழுவைக்காக ஏசியை அணைப்பீர்களா? நாம் எல்லோரும் அணைப்போம். டீசலும் மிச்சம், பார்ட்டிக்கும் மலைக்காற்று பிடிக்கும்.

அங்கேதான் வினை. அதுவரை கூலிங் காயிலில் தண்ணி சொட்டச் சொட்ட நின்றிருக்கும். ஏசியை அணைத்ததும் காயில் சூடாகி, அந்தத் தண்ணி மொத்தமும் ஆவியாகி ப்ளோயர் வழியாக நேராகக் கண்ணாடியில் போய் ஒட்டும். நல்ல வண்டியிலும் ரெண்டே நிமிஷத்தில் வேர்க்கும். கூடவே உள்காற்று பட்டனைப் போட்டிருந்தால் ஏழு பேர் விடுகிற மூச்சும் உள்ளேயே சுற்றும். உங்கள் கேஸில் நனைந்த பிள்ளைகளின் துணி வேறு.

கண்ணாடி வேர்த்தால் ஏசியை அணைக்கக்கூடாது, போட வேண்டும். ஏசி காற்றில் இருக்கிற ஈரத்தைக் காயிலில் இறக்கிவிடும், ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கும், ரெண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி தெளியும். வெளிக்காற்று பட்டன். ஒரு ஜன்னல் ரெண்டு விரல் அளவுக்குத் திறந்திருக்கட்டும். உருளைக்கிழங்கு தேய்ப்பது, புகையிலை தேய்ப்பது எல்லாம் லாரிக்காரர்கள் வெளிப்பக்க மழைக்குச் செய்கிற வைத்தியம். உள்பக்கம் தேய்த்தால் ராத்திரி எதிர்லைட்டில் கோடு கோடாக மினுங்கும்.

நீங்கள் பேசுகிற கோளாறு இல்லை என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு அவர்கள் இதைத்தான் கையில் எடுப்பார்கள், அதற்குச் சொன்னேன்.

—

வில்லாபுரம்_வண்டிக்காரன் எழுதியது

பங்காளி, பிடித்துவிட்டீர்கள். அணைப்பேன். பொங்கல் அன்றைக்கும் ஏறும்போது அணைத்தது, இறங்கும்போதும் போடவில்லை. பதினாலு வருஷமாக இதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் போன மாதம் ஏசியும் ஓடியது, வெளிக்காற்றும் இருந்தது, பின்னால் உட்கார்ந்திருந்தது ரெண்டே பேர். அன்றைக்கும் மூடியது. குமிழ் சிவப்பில் இருக்க, காற்று பச்சையாக வந்தது. அதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லையே.

—

எடிசன்_மதுரைக்காரி எழுதியது

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் ஆரப்பாளையம். இங்கே பனி கொட்டும்போது கண்ணாடி தெளிவது ஒரு சொகுசு இல்லை, சட்டம். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தரங்களில் 103 என்ற எண்ணில் ஒன்று இருக்கிறது, முன்கண்ணாடியின் பனியையும் ஆவியையும் நீக்குகிற ஏற்பாட்டுக்கென்றே. அதில் சறுக்கினால் திரும்ப அழைக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் டெஸ்லா 26,681 வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். ஹீட் பம்பில் ஒரு வால்வு மென்பொருள் கோளாறால் திறக்காமல் நின்று, கண்ணாடி சரியாகத் தெளியவில்லை. மென்பொருளைப் புதுப்பித்துச் சரி செய்தார்கள். சூடு வராததை யாரும் அங்கே "வசதிக் குறைவு" என்று எழுதவில்லை, பாதுகாப்புக் குறை என்றுதான் எழுதினார்கள்.

இன்னொன்று, இங்கே மாநிலத்துக்கு மாநிலம் எலுமிச்சைச் சட்டம் என்று உண்டு. பெயர் அப்படித்தான், சிரிக்காதீர்கள். 1982-ல் கனெக்டிகட் ஆரம்பித்தது. ஒரே கோளாறுக்கு இத்தனை தடவை ரிப்பேர் செய்தும் தீரவில்லை என்றால் வண்டியை மாற்றிக்கொடு, இல்லை பணத்தைக் கொடு. நம் ஊரில் அந்தப் பெயரில் தனிச் சட்டம் கிடையாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அண்ணன் எழுதுகிற கடிதத்தில் "ஏசி" என்ற வார்த்தைக்குப் பதில் "ஓட்டுநரின் பார்வை மறைகிறது" என்று போட்டால் படிக்கிறவன் நிமிர்ந்து உட்காருவான்.

—

கறுப்புக்கோட்டு_ஒத்தக்கடை எழுதியது

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்கிற வழக்கறிஞர். நுகர்வோர் வழக்குகளும் பார்ப்பதுண்டு. பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது.

முதலில் ஸ்டாண்டு தீர்ப்பு. டி போர்டு என்றால் வழக்கே கிடையாது என்பது தவறு. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதே பிரிவின் விளக்கத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவர் அதில் சேர மாட்டார் என்று இருக்கிறது. 1995-ல் லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவரை உதாரணமாகவே சொல்லி, அவர் நுகர்வோர்தான் என்றது. ஒன்றிரண்டு பேர் உதவிக்கு இருப்பதாலேயே அது மாறிவிடாது. எனவே மச்சினன் எப்போதாவது ஓட்டினால் பரவாயில்லை. மூணு வண்டி வாங்கி மூணு டிரைவர் போட்டிருந்தால் வேறு மாதிரி.

அடுத்து, டீலரா கம்பெனியா. ரெண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார். தயாரிப்பாளரைப் பற்றி இணையத்தில் எல்லோரும் 82 முதல் 87 வரையிலான பிரிவுகளை எடுத்துப் போடுகிறார்கள், தயாரிப்புப் பொறுப்பு அத்தியாயம் அது. கவனித்துப் படியுங்கள். அங்கே "தீங்கு" என்பதில் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட கேடு சேராது என்று சட்டமே விலக்கியிருக்கிறது. பார்வை மறைந்து வண்டி பள்ளத்தில் உருண்டு ஆச்சிக்கு அடிபட்டிருந்தால் அந்த அத்தியாயம். அந்தப் புண்ணியவதி துடைத்தார், உங்களுக்கு அது தேவைப்படவில்லை. உங்கள் புகார் சாதாரணக் குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைபாடு என்ற ரெண்டு காலில் நிற்க வேண்டும். அதற்கு நுகர்வோர் ஆணையம் (நீங்கள் சொல்கிற நுகர்வோர் கோர்ட்) பிரிவு 39-ன் கீழ் குறையை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு, இழப்பீடு கொடு என்று உத்தரவிடலாம்.

வண்டியையே மாற்றித் தரச் சொல்லாதீர்கள் என்பது என் யோசனை, குறைந்தபட்சம் அதையே முதல் கோரிக்கையாக வைக்காதீர்கள். ஒரு பாகத்தைச் சரி செய்யவோ மாற்றவோ முடியும்போது முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. கேட்க வேண்டியது அந்தப் பெட்டி, நின்றுபோன நாட்களின் வருமானம், மன உளைச்சல், செலவு.

தயாரிப்புக் குறை என்று வாயால் சொன்னால் போதாது. பரிசோதனை தேவைப்படுகிற குறை என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, கட்டணத்தை நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டியிருக்கும். செல்லூர்க்காரர் சொன்ன விரல் சோதனை அவர்கள் ஜாப் கார்டிலேயே பதிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. "ஏசி செக்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து கம்பெனி முகவரிக்கு மெயில் அனுப்பி, அதன் நகலை டீலருக்கும் போடுங்கள். அப்புறம் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். மோட்டாருக்கு நாலு தடவை பாக எண் போட்டிருப்பார்கள் பாருங்கள், அந்த நாலு வரிகள்தான் உங்கள் முக்கிய சாட்சி.

வழக்குப் போடக் கெடு ரெண்டு வருஷம். உங்கள் முதல் கோளாறு 2024 ஜனவரி. ரிப்பேர் தொடர்ந்து நடந்ததால் வழக்கின் காரணமும் தொடர்கிறது என்று வாதாடலாம். ஆனால் வாதாட வேண்டிய நிலைமையை நாமாக ஏன் உண்டாக்க வேண்டும்? வருகிற ஜனவரி பிறப்பதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். வாரண்டி முடிந்தாலும், வாரண்டிக்குள் சொன்ன குறை குறைதான்.

50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும். நீங்கள் கொடுத்த விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள், எனவே கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, இதை நானே சொல்கிறேன் பாருங்கள். நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு அழைப்பு. சில சமயம் அங்கேயே கம்பெனி இறங்கி வரும். நோட்டீஸ் கிடைத்து மூணு மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது அதைவிட நீளும்.

ரீகால், அதாவது வண்டிகளைத் திரும்ப அழைப்பது, தனிப் பாதை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவின்படி, ஓட்டுகிறவருக்கோ பயணிக்கோ ரோட்டில் போகிறவருக்கோ ஆபத்தான குறை என்றால் அரசு திரும்ப அழைக்க உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்துவிட்டன. அரசின் வாகன் தளத்தில் உரிமையாளரே புகார் பதியலாம். ஒரு ஆள் புகாரில் நடக்காது, விற்ற எண்ணிக்கைக்கு ஏற்ற அளவு புகார்கள் சேர வேண்டும். ஆனாலும் பதியுங்கள். இதே மாடல் வைத்திருக்கும் வத்தலக்குண்டு, தேனி டிரைவர்களையும் பதியச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் மலை தெரியும்.

—

வில்லாபுரம்_வண்டிக்காரன் எழுதியது

எட்டு நாள் கழித்து வருகிறேன். கல்யாண சீசன், மன்னிக்கவும்.

செவ்வாய்க்கிழமை போனேன். அட்வைசர் வழக்கம்போல "ஏசி செக்" என்று தட்டினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "மலைப்பாதையில் முன்கண்ணாடி மூடி ஓட்டுநருக்குப் பார்வை மறைகிறது, நான்காவது மோட்டாரும் பதினாறே நாளில் பழுது" என்று எழுதினால்தான் கையெழுத்து என்றேன். கம்ப்யூட்டரில் தமிழ் வராது என்றார். இங்கிலீஷில் எழுதுங்கள், கீழே நான் கையால் எழுதிக்கொள்கிறேன் என்றேன். மேனேஜரிடம் போய்விட்டு வந்து எழுதினார்.

அப்புறம் விரல் சோதனை. மெக்கானிக்காக வந்தது ஐடிஐ முடித்த சின்னப் பையன், உசிலம்பட்டிப் பக்கம். டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாக்கப் படுத்து, மோட்டாரைக் கழற்றி என் கையில் கொடுத்தான். ஓட்டை வழியாகப் பார்த்தால் பல்சக்கரத்தில் மூணு பல் மொட்டையாக, சோளக்கதிரில் பறவை கொத்தின மாதிரி. தண்டைத் திருப்புப்பா என்றேன். ரெண்டு விரலால் பிடித்தான், திரும்பவில்லை. கட்டைவிரலை மாற்றிப் பிடித்தான். அப்புறம் படுத்தபடியே என்னைப் பார்த்து, "அண்ணே, இது ஒட்டியிருக்குண்ணே" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனே பிளையரை எடுத்து மெதுவாகத் திருப்பினான். பலகாரம் சுட்ட பேப்பரைத் தட்டிலிருந்து உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். அட்வைசர் முகம் மாறிவிட்டது, பையன் மேல் கோபமா என் மேல் கோபமா தெரியவில்லை. அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கணும்.

ஜாப் கார்டில் "ஃப்ளாப் ஷாஃப்ட் டைட், பெட்டி மாற்றப் பரிந்துரை" என்று ஏறிவிட்டது. செல்லூர் அண்ணன் சொன்னது அச்சாக. அந்த வரிக்காக ரெண்டு வருஷம் அலைந்திருக்கிறேன்.

ஆனால் பெட்டி ஸ்டாக்கில் இல்லையாம், மூணு வாரம் ஆகுமாம். அதுவரை வேறு வண்டி தருவீர்களா என்றால், டி போர்டுக்கு அந்த வசதி இல்லையாம். மலைக்குப் போகாமல் ஓட்டுங்கள் என்கிறார்கள். கிறிஸ்துமஸ் லீவு வருகிறது, இ-பாஸ் வரைக்கும் எடுத்துவைத்த கொடைக்கானல் பார்ட்டி ரெண்டு. மனசில்லாமல் ரெண்டையும் ஜெய்ஹிந்துபுரம் கூட்டாளி வண்டிக்கு மாற்றிவிட்டேன். எதிர்லைட்டில் அந்த வெள்ளையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

1915-க்குப் பேசி நம்பர் வாங்கியாச்சு. கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட் போயாச்சு. வாகன் தளத்தில் நானும் பதிந்தேன், ஸ்டாண்டில் இதே மாடல் வைத்திருக்கும் இன்னொருத்தரையும் உட்காரவைத்துப் பதிய வைத்தேன். அவர் வண்டியிலும் டிக் டிக் உண்டாம், ரேடியோ சத்தத்தில் கவனிக்கவே இல்லையாம். பெட்டி வந்தாலும் வராவிட்டாலும் டிசம்பர் 29 திங்கட்கிழமை 400 ரூபாயைக் கட்டுவதாக இருக்கிறேன். வழக்குக்கான ஃபைலில் பழைய நாலு ஜாப் கார்டு, இந்தப் புது ஜாப் கார்டு, வீடியோ பென் டிரைவ், கைமாற்றின ரெண்டு டிரிப்பின் வாட்ஸ்அப் மெசேஜ் பிரிண்ட் எல்லாம் வைத்தாச்சு. மொட்டைப்பல் மோட்டாரைக் கேட்டேன், அது கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டியதாம், தர முடியாதாம். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டேன்.